மார்கழிப் பனிக்கு எந்த வண்டி?

தமிழில் 'பனி' என்பது ஒரு சொல். அது குறிக்கும் பொருள்களோ பல. புல் நுனியில் நிற்கும் துளியும் பனி. கண்ணை மறைக்கும் வெண்படலமும் பனி. இமயத்து முகடுகளில் உறைந்து கிடப்பதும் பனியே. ஓர் ஆண்டின் ஆறு பெரும்பொழுதுகளுள் இரண்டுக்கு முன்பனி, பின்பனி எனப் பெயரிட்ட நம் முன்னோர்க்கு இதனால் இடர்ப்பாடு ஒன்றும் நேரவில்லை. அவர்கள் மோட்டார் வண்டி ஓட்டியவர்கள் அல்லர். இன்று வண்டி வாங்கப் புகுவோரையோ இந்தச் சொல் நன்றாக மயக்கிவிடுகிறது.

கனடாவிலும் நார்வேயிலும் குளிர்காலத்துக்கென்று சிறிய எஸ்.யு.வி. வாங்குவோர் முதலில் கேட்கும் கேள்வி, "நான்கு சக்கரமும் இழுக்குமா?" என்பது. அங்கே சாலையின்மீதே வெண்பனி குவிந்து கிடக்கும். ஆதலின் அக்கேள்வி அங்கே பொருத்தமானது. அதே கேள்வியை மூணாற்றுக்கும் போடிமெட்டுக்கும் அப்படியே பெயர்த்துக்கொண்டு வந்தால், விடையும் பெயர்ந்து போய்விடும். நம் எல்லைப்புற மலைகளில் விழும் பனி எத்தகையது, அது சக்கரத்துக்கும் சாலைக்கும் இடையே என்ன செய்கிறது என்பதை முதலில் அறிந்து, பிறகு வண்டிக்கு வருவோம்.

இதனை எழுதக் காரணம் உண்டு. தோட்ட வேலைக்கு மலையேறிய தமிழ்க் குடும்பங்களில் பிறந்து இங்கே படிக்க வந்திருக்கும் நம்மில் பலரிடம், வீட்டார் கூடிக் கடன் வாங்கி ஒரு வண்டி வாங்க முனையும்போது, "நீதானே அறிவியல் படிக்கிறாய், எது நல்லது, சொல்லேன்" என்று கேட்பதுண்டு. அவ்வண்டி உல்லாசத்துக்கு அன்று. நள்ளிரவில் ஒருவருக்கு நெஞ்சுவலி என்றால், பனிக்கிடையே மலையிறங்கித் தேனி மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குச் சேர்க்க வேண்டியதும் அந்த வண்டிதான். ஒரு தொழிலாளியின் ஆண்டு வருமானத்தைப் போலப் பல மடங்கு விலை உள்ள பொருள். தவறாகத் தேர்ந்தால் கடனும் நிற்கும், வண்டியும் உதவாது. விடுமுறைக்கு வாடகை வண்டி எடுத்து மூணாறு பார்க்கப் புறப்படும் நண்பர்களுக்கும் இக்கட்டுரை பயன்படக்கூடும்.

எல்லை ஒன்று, இயல்பு இரண்டு

பாலக்காட்டு எல்லை வேறு. இடுக்கி எல்லை வேறு. மேற்குத் தொடர்ச்சி மலை பாலக்காட்டில் ஏறத்தாழ முப்பது, நாற்பது கிலோமீட்டர் அகலத்துக்கு வழிவிட்டு நிற்கிறது. வாளையாறு, கொழிஞ்சாம்பாறை, கோவிந்தாபுரம், மீனாட்சிபுரம் ஆகிய எல்லையூர்கள் இந்தக் கணவாய்ப் பரப்பைச் சேர்ந்தவை. மார்கழி, தை மாதங்களில் இங்கே கீழைக்காற்று பலமாக வீசும், பெருங்குளிர் இல்லை. இங்கே மட்டும் ஓடும் வண்டிக்குக் குளிர்காலம் என்று தனியே ஒரு கவலை வேண்டுவதில்லை. உயரமான வண்டி பக்கக்காற்றில் சற்று அலையும் என்பதை மட்டும் ஓட்டுவோர் நினைவில் வைத்தால் போதும். நெம்மாறையிலிருந்து நெல்லியாம்பதிக்கும், மண்ணார்க்காட்டிலிருந்து அட்டப்பாடிக்கும் ஏறும்போதுதான் பாலக்காட்டிலும் மலைப்பாதையின் தன்மை தொடங்குகிறது.

இடுக்கியில் நிலைமை முற்றும் மாறானது. குமுளியிலிருந்து கம்பம் பள்ளத்தாக்குக்கு இறங்கும் பாதை, கம்பம்மெட்டுப் பாதை, 17 கொண்டை ஊசி வளைவுகள் கொண்ட போடிமெட்டுப் பாதை, மறையூரிலிருந்து சின்னாற்றுக் காடு வழியே உடுமலைக்குச் செல்லும் பாதை ஆகிய இவையே தமிழ்நாட்டையும் இடுக்கியையும் இணைக்கும் முக்கிய வழிகள். ஏலத் தோட்டங்களுக்குத் தேனி மாவட்டத்திலிருந்து நாள்தோறும் விடியுமுன் ஜீப்புகளில் ஏறி வந்து, மாலையில் இறங்கும் தொழிலாளர் பல்லாயிரவர். கார்த்திகை முதல் தை வரை சபரிமலை செல்லும் வண்டிகளும் குமுளிப் பாதையில் சேர்ந்துகொள்ளும். ஆக, பனி மிகும் மாதங்களே வண்டிகளும் மிகும் மாதங்கள்.

மூவகைப் பனி

நம் மலைப்பனி மூவகைப்படும்.

முதலாவது உறைபனி. மூணாறு கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,600 மீட்டர் உயரத்தில் உள்ளது. 2019ஆம் ஆண்டு சனவரித் தொடக்கத்தில் அங்கே வெப்பநிலை உறைநிலைக்குக் கீழே இறங்கி, தேயிலைச் செடிகளும் புல்வெளிகளும் வெளுத்து நின்றன. மேகம் இல்லாத இரவில் நிலம் தன் வெப்பத்தை வானுக்கு வீசிவிடுகிறது. குளிர்ந்த காற்று கனமானது. அது சரிவில் நீர்போல வழிந்து தாழ்வான இடத்தில் தேங்குகிறது. அதனால்தான் மேட்டில் உள்ள தோட்டம் பிழைத்திருக்க, ஓடைக்கரைப் புல் உறைந்துவிடுகிறது. எனினும் ஒன்று: கருந்தார்ச் சாலை பகலெல்லாம் வெயிலை வாங்கி வைத்துக்கொள்வதால், பெரும்பாலும் புல் உறையும் இரவிலும் சாலை உறைவதில்லை. பாலங்களில் மட்டும் விழிப்பு வேண்டும். அவற்றின் அடியிலும் குளிர்காற்று புகுவதால் அவை விரைவில் குளிரும். ஆகவே உறைபனி தேயிலைக்குப் பகையாக இருக்குமளவு வண்டிக்குப் பகை அன்று.

இரண்டாவது மூடுபனி. ஈரக்காற்று மலைச்சரிவில் மேலேறுகையில் விரிந்து குளிர்ந்து சிறு துளிகளாகிறது. கீழே நின்று பார்ப்போர்க்கு அது மலைமேல் தவழும் மேகம். அதனுள்ளே வண்டி ஓட்டுவோர்க்கு மூடுபனி. இருபது மீட்டருக்கு அப்பால் எருமையா, லாரியா என்று தெரியாது. பூப்பாறை, சின்னக்கானல் பக்கத்தில் அது யானையாகவும் இருக்கலாம்.

மூன்றாவது ஈரப்பனி. இதற்கு யாரும் அஞ்சுவதில்லை. அதனாலேயே இதுவே கொடியது. ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழை நனைத்த சாலை, மரநிழலில் மார்கழி முழுதும் காய்வதில்லை. இரவுதோறும் பனித்துளி அதனை மீண்டும் நனைக்கிறது. அதன்மேல் பாசி, உதிர்ந்த இலை, டிராக்டர் சக்கரங்கள் தோட்டத்திலிருந்து கொண்டுவந்து கொட்டிய செம்மண், மலைச்சரிவிலிருந்து வழிந்த சேறு.

இம்மூன்றையும் சேர்த்துப் பார்த்தால் ஓர் உண்மை விளங்கும். நம் மலையில் குளிர்காலத்து இடர், வண்டி ஏறாமற் போவதன்று. வண்டி நிற்காமற் போவதும், எதிரே இருப்பது தெரியாமற் போவதுமே ஆகும். வண்டி தேர்வோர் மனத்தில் முதலில் பதிய வேண்டியது இதுதான்.

நிற்பதற்கு எத்தனை மீட்டர்?

கணக்கு எளிது. வேகத்தின் வர்க்கத்தை, உராய்வுக் குணகம், புவியீர்ப்பு முடுக்கம் இவற்றின் பெருக்கத்தைப் போல் இரு மடங்கால் வகுத்தால், பிரேக் பிடித்தபின் வண்டி ஓடும் தொலைவு கிடைக்கும். காய்ந்த தார்ச்சாலையில் நல்ல டயருக்கு உராய்வுக் குணகம் ஏறத்தாழ 0.7 என்றும், நனைந்த சாலையில் 0.4 என்றும், பனிக்கட்டியில் 0.1 என்றும் கொள்வோம்.

மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில் சமமான காய்ந்த சாலையில் வண்டி 9 மீட்டரில் நிற்கும். நனைந்த சாலையில் 16 மீட்டர். அதே நனைந்த சாலை பத்துக்கு ஒன்று எனச் சரிந்திருந்தால், இறக்கத்தில் 21 மீட்டர். ஆபத்தைக் கண்டு கால் பிரேக்குக்குப் போக ஒரு நொடி ஆகிறது என்று வைத்துக்கொண்டால், அதற்குள் 11 மீட்டர் ஓடிவிடும். ஆக மொத்தம் 32 மீட்டர். மூடுபனியில் தெரிவதோ 20 மீட்டர்! எஞ்சிய 12 மீட்டரை எந்த வண்டியின் விலையாலும் வாங்க முடியாது. கணக்கைத் திருப்பிப் போட்டால், அந்த இறக்கத்தில் 20 மீட்டர் மட்டுமே தெரியும்போது ஓட்டத்தக்க உச்ச வேகம் மணிக்கு 30 கிலோமீட்டர் என்று வரும். எதிரே வரும் வண்டியும் நம்மை நோக்கி நகர்ந்துகொண்டிருப்பதால், அதிலும் குறைத்துக்கொள்வதே அறிவுடைமை.

பனிக்கட்டி படிந்த பாலமானால், அதே 40 கிலோமீட்டர் வேகத்துக்குச் சமதளத்திலேயே 63 மீட்டர் வேண்டும். பத்துக்கு ஒன்று சரிவில் உராய்வும் ஈர்ப்பும் சமமாகிவிடுவதால் வண்டி நிற்கவே நிற்காது.

இக்கணக்கில் இரண்டு செய்திகளை நோக்குக. முதலாவது, வண்டியின் எடை இதில் வரவில்லை. "கனமான வண்டி, கப்பென்று நிற்கும்" என்பது வெறும் நம்பிக்கை. இரண்டாவது, எத்தனை சக்கரங்களை என்ஜின் இழுக்கிறது என்பதும் இதில் வரவில்லை. விலை குறைந்த வண்டிக்கும் பிரேக் நான்கு சக்கரத்திலும் உண்டு.

நான்கு சக்கர இழுவையின் பயன்

அப்படியானால் நான்கு சக்கர இழுவை வீணா? அன்று. அது ஏறுவதற்கு உதவும், நிற்பதற்கு உதவாது. இந்த வேறுபாட்டை அறியாமையே பலரை மிகுவேகத்துக்குத் தூண்டுகிறது.

இந்தியாவில் 1947ஆம் ஆண்டு பம்பாயில் மகிந்திரா நிறுவனம் வில்லிஸ் ஜீப்புகளைப் பூட்டிச் சேர்க்கத் தொடங்கியது. அக்குடும்பத்தில் பின்னே வந்த 'மேஜர்', 'கமாண்டர்' வண்டிகள்தாம் ஏலமலையின் பொதிகழுதைகளாக உழைத்து வருபவை. சூரியநெல்லியிலிருந்து கொழுக்குமலைக்குச் செல்லும் கற்பாதையைக் கண்டவர்கள் அவற்றின் அருமையை அறிவர். கொழுக்குமலை தமிழ்நாட்டுத் தேனி மாவட்டத்தைச் சேர்ந்தது. ஆயினும் அங்கே ஜீப் ஏறும் வழி கேரளத்தின் இடுக்கி மாவட்டத்தில் உள்ளது. பெயர்ந்த கல்லும் பள்ளமும் நிறைந்த அப்பாதையில் ஒரு சக்கரம் அந்தரத்தில் தொங்கும்போது மற்றச் சக்கரங்கள் இழுத்தாக வேண்டும். அங்கே நான்கு சக்கர இழுவையும், அதனோடு சேர்ந்த தாழ்விகிதக் கியரும் இன்றியமையாதவை. தாழ்விகிதக் கியர் என்பது வேகத்தைக் குறைத்து முறுக்குவிசையைப் பெருக்கித் தருவது. ஆள் நடக்கும் வேகத்தில் வண்டி ஏறவும் இறங்கவும் செய்வது அதுவே.

ஆனால் இதில் ஒரு நுட்பம் உண்டு. ஜீப், தார் போன்ற வண்டிகளில் முன் அச்சும் பின் அச்சும் இறுகப் பிணைந்து சுழலும். வளைவில் முன் சக்கரங்கள் பின் சக்கரங்களைவிட நீண்ட வட்டத்தில் ஓடுகின்றன. சேற்றிலும் சரளையிலும் சக்கரம் சிறிது சறுக்கி இவ்வேறுபாட்டைச் சரிசெய்துகொள்ளும். காய்ந்த தார்ச்சாலையில் சறுக்க வழியில்லை. ஆதலின் பல்சக்கரங்களில் முறுக்கம் ஏறி, திருப்புவதும் கடினமாகும், பொறியும் கெடும். போடிமெட்டின் காய்ந்த வளைவுகளில் நான்கு சக்கர இழுவையைப் போட்டுக்கொண்டு ஓட்டுவது பாதுகாப்பு அன்று என்பதை இதனால் அறியலாம்.

ஏற்றத்தில் முன்சக்கர இழுவை வண்டிகள் நழுவும் என்பார்கள். இதில் ஓரளவு உண்மை உண்டு. ஐந்துக்கு ஒன்று என்னும் கடும் ஏற்றத்தில், வண்டி எடையில் நூற்றுக்கு ஐந்து பங்கு அளவு முன்னச்சிலிருந்து பின்னச்சுக்கு மாறுகிறது. பின்னால் மூவரும் மூட்டைகளும் இருந்தால் முன்சக்கரத்தின் பிடி மேலும் குறையும். நல்ல தார்ச்சாலையில் இது இடையூறாகாது. ஈரமண் ஏற்றத்தில் தொல்லை தரும். பின்சக்கர இழுவை வண்டிக்கு இதே காரணத்தால் ஏற்றத்தில் பிடி கூடும். ஆனால் ஆளில்லாமல் வெறுமையாக ஈரவளைவில் இறங்கும்போது அதன் பின்புறம் விலகப் பார்க்கும்.

இறக்கமும் வெப்பமும்

போடிமெட்டிலிருந்து போடிக்கு இறங்குவது ஏறத்தாழ 1,000 மீட்டர். ஆட்களோடு 1,650 கிலோ எடையுள்ள ஒரு சிறு வண்டி அவ்வளவு இறங்கும்போது இழக்கும் நிலையாற்றல் ஏறத்தாழ ஒரு கோடியே அறுபது லட்சம் ஜூல். ஐம்பத்தைந்து லிட்டர் தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவர இது போதும். இவ்வளவு வெப்பத்தையும் பிரேக்கே தாங்க வேண்டும் என்றால் அது காய்ந்து, அதன் பிடி தளர்ந்து, கடைசி வளைவுகளில் கைவிட்டுவிடும். அதனாலேயே, ஏறும் கியரிலேயே இறங்கு என்று பழைய ஜீப் ஓட்டுநர்கள் சொல்லித் தருகிறார்கள். தாழ்ந்த கியரில் இறங்கும்போது என்ஜினே வண்டியைப் பிடித்து நிறுத்தி, அந்த ஆற்றலின் பெரும்பகுதியைத் தன் வழியே வெளியேற்றுகிறது.

ஆதலின் தானியங்கிக் கியர் உள்ள வண்டி வாங்குவோர், தாழ்ந்த கியரைக் கையாலே பிடித்து வைக்கும் வசதி உண்டா என்று பார்த்துக்கொள்ள வேண்டும். மின்சார வண்டியில் இந்த வேலையை மோட்டாரே செய்து, இறக்கத்தின் ஆற்றலை மின்கலத்தில் சேர்க்கிறது. மலை வண்டிக்கு இது பெரிய நன்மை. ஆனால் மேலே மூணாற்றில் மின்கலத்தை முழுதும் நிரப்பிக்கொண்டு இறங்கினால், சேர்க்க இடமின்றி அந்தப் பிடிப்பு குறையும். சற்றுக் குறைவாக நிரப்புவதே நன்று.

ஏறுவதிலும் உயரம் தன் கணக்கைக் கேட்கும். 1,600 மீட்டரில் காற்றழுத்தம் கடல் மட்டத்தில் உள்ளதில் நூற்றுக்கு 83 பங்கே. சாதாரணப் பெட்ரோல் என்ஜினின் வலிமையும் ஏறத்தாழ அந்த அளவுக்குக் குறையும். டர்போ பூட்டிய என்ஜின் காற்றை அழுத்தி உள்ளே தள்ளுவதால் இக்குறையைப் பெரிதும் ஈடுசெய்கிறது.

உயரமும் சுமையும்

எஸ்.யு.வி.யின் உயரம் கல்லையும் பள்ளத்தையும் தாண்ட உதவும். 2021இல் வந்த டாட்டா பஞ்ச் வண்டிக்கு அடித்தள இடைவெளி 187 மில்லிமீட்டர். 2023இல் வந்த மாருதி ஜிம்னிக்கு 210. 2020இல் வெளிவந்த மகிந்திரா தாருக்கு 226. ஆனால் வண்டி உயர உயர அதன் எடைமையமும் உயர்கிறது. வளைவில் கவிழும் இயல்பும் மிகுகிறது. கூரைமேல் மூட்டை ஏற்றினால் இன்னும் மிகும். அளவுக்கு மீறி ஆள் ஏற்றினால், மையம் உயர்வதோடு, இறக்கத்தில் பிரேக் தாங்க வேண்டிய வெப்பமும் எடைக்கு நேர்விகிதத்தில் கூடும். பத்துப் பேர் வண்டியில் பதினைந்து பேர் என்றால், வெப்பத்துக்கு அது வெறும் எண்ணிக்கை அன்று.

2022ஆம் ஆண்டு டிசம்பர் மாதம், சபரிமலையிலிருந்து திரும்பிய தேனி மாவட்டத்து ஆண்டிபட்டிப் பகுதி அன்பர்களின் வண்டி குமுளி மலைப்பாதையில் பள்ளத்தில் வீழ்ந்து எட்டுப் பேர் மாண்டனர். இரவு, இறக்கம், களைப்பு நிறைந்த நெடும்பயணம் ஆகியவை ஒன்றுசேரும் பாதை அது. அதில் செல்லும் எந்த வண்டிக்கும் இருக்கை எண்ணிக்கைக்கு மேல் ஓர் ஆளும் ஏறக்கூடாது. எந்த ஓட்டுநரும் உறக்கம் இழந்து ஓட்டக்கூடாது.

டயரும் விளக்கும் கண்ணாடியும்

வண்டி முழுவதும் சாலையைத் தொடுவது நான்கு உள்ளங்கை அளவு இடத்தில்தான். என்ஜின், பிரேக், நான்கு சக்கர இழுவை ஆகிய எல்லாம் அந்த நான்கு உள்ளங்கைகளின் வழியாகவே வேலை செய்கின்றன. டயரின் பள்ளவரி நீரை வெளியேற்றி ரப்பரைச் சாலையோடு சேர்க்கிறது. 1.6 மில்லிமீட்டர் வரை தேயலாம் என்பது பொதுவான வரம்பு. ஈரமலைக்கு 3 மில்லிமீட்டரிலேயே மாற்றிவிடுவது நன்று. மேனாட்டார் பூட்டும் வெண்பனி டயர் நமக்கு வேண்டியதில்லை.

காற்றழுத்தத்திலும் ஒரு வேடிக்கை உண்டு. பாலக்காட்டு நண்பகல் 33 பாகை வெப்பத்தில் டயருக்கு 33 அளவு காற்று நிரப்பி, விடியலில் 3 பாகைக் குளிருள்ள மூணாற்றில் அளந்தால் என்ன காட்டும்? குளிரினால் ஐந்து அளவுக்குச் சற்றுக் குறைவாக இறங்கும். வெளியே காற்றழுத்தம் குறைந்திருப்பதால் இரண்டரை அளவு ஏறும். முடிவில் கருவி 31 காட்டும். ஆக, மலையேறிய மறுநாள் காலை வண்டி எடுக்குமுன் அளந்து சரிசெய்துகொள்வது பயனுள்ள பழக்கம்.

மூடுபனிக்கு மஞ்சள் விளக்கு ஊடுருவும் என்று சொல்வதுண்டு. மூடுபனித் துளிகள் ஒளியின் அலைநீளத்தைவிடப் பல மடங்கு பெரியவை. ஆதலின் எல்லா நிறத்தையும் ஏறத்தாழ ஒன்றுபோலவே சிதறச் செய்கின்றன. மூடுபனி வெண்மையாகத் தெரிவதே இதற்குச் சான்று. பயன் தருவது விளக்கின் நிறம் அன்று, இடம். தாழ்வாகப் பொருத்தப்பட்டு, சாலையை ஒட்டி அகலமாக விழும் ஒளி, நம் கண்ணுக்கு நேரே திரும்பி வருவதில்லை. உயர்ந்த ஒளிக்கற்றையைப் போட்டால் நமக்கு முன்னே ஒரு வெள்ளைச் சுவரை நாமே எழுப்பிக்கொள்கிறோம். பின்புற மூடுபனி விளக்கு இருந்தால் இன்னும் நன்று. அது பின்னே வருபவர்க்காக.

கண்ணாடியின் உட்புறம் மூச்சின் ஈரம் படிந்து மறைப்பதும் குளிர்காலத் தொல்லை. குளிர்சாதனம் காற்றை உலர்த்தும் ஆற்றல் உடையது. அதனை இயக்கி, வெளிக்காற்றை உள்ளே விட்டு, வெப்பத்தோடு முன்கண்ணாடிமேல் செலுத்தினால் ஈரம் விரைவில் நீங்கும். பின்கண்ணாடியைத் துடைக்கும் கருவியும் அதனைச் சூடாக்கும் கம்பியும் விலை குறைந்த வகைகளில் இல்லாமற் போகலாம்; மலைவாழ்வோர் அவற்றைக் கேட்டு வாங்க வேண்டும்.

பாதையே வண்டியைத் தீர்மானிக்கும்

2006ஆம் ஆண்டு நடுவண் அரசு, நான்கு மீட்டருக்குக் குறைந்த நீளமும் சிறிய என்ஜினும் உடைய கார்களுக்கு வரியைக் குறைத்தது. இன்று தெருவெங்கும் காணும் சிறு எஸ்.யு.வி.கள் பெருகியதற்கு இது ஒரு பெருங்காரணம். 2025 செப்டம்பர் 22 முதல் இத்தகைய சிறு வண்டிகளுக்குச் சரக்கு சேவை வரி நூற்றுக்கு 18, மற்றவற்றுக்கு 40. நான்கு சக்கர இழுவை உள்ள தாரும் ஜிம்னியும் நான்கு மீட்டருக்கு உட்பட்டவையே ஆயினும், என்ஜின் பெரிதாதலால் உயர்ந்த வரியில் அடங்குகின்றன. ஏறத்தெரிந்த வண்டிக்கு விலையும் ஏறித்தான் இருக்கும்.

வீட்டு வாயில்வரை தார்ச்சாலை உள்ளவர்கள் முன்சக்கர இழுவையுள்ள சிறு எஸ்.யு.வி. ஒன்றைத் தயங்காமல் வாங்கலாம். பஞ்ச், நெக்சான், பிரெசா, வென்யூ முதலியன இவ்வகை. நிறுவனப் பெயரைவிட வண்டியில் உள்ள பொருத்தங்களைப் பார்க்க வேண்டும். சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் காக்கும் பிரேக் முறை 2019 ஏப்ரல் முதல் எல்லாப் புதிய கார்களுக்கும் கட்டாயம். அது பிரேக் பிடித்தபடியே திருப்பும் ஆற்றலைக் காக்கிறது. சறுக்கலைத் தானே திருத்தும் நிலைப்பாட்டுக் கருவி அதற்கு அடுத்தபடி தேவையானது. 2023இல் தொடங்கிய பாரத் என்கேப் மோதல் சோதனை முடிவையும் பார்க்க மறவாதீர்.

கடைசி இரண்டு மூன்று கிலோமீட்டர் கரடுமுரடான தோட்டப் பாதையாக உள்ளவர்களுக்கு இழுவையைவிட அடித்தள இடைவெளியும் வலிய அடிச்சட்டமும் முக்கியம். நிறைய ஆட்களோடு செல்லும் குடும்பத்துக்குப் பின்சக்கர இழுவையுள்ள பொலேரோ போன்றவை ஏற்றவை.

மழைக்காலச் சேற்றிலும் கற்பாதையிலும் ஏறியே ஆக வேண்டியவர்களுக்கு மட்டுமே தாழ்விகிதக் கியரோடு கூடிய நான்கு சக்கர இழுவை தேவை. அங்கேயும் ஒன்று கருதுக: தாரிலும் ஜிம்னியிலும் இருக்கை நான்கே. ஆறு பேர் உள்ள வீட்டில் அதை வாங்கினால், முதல் நாளே அளவுக்கு மீறி ஆள் ஏற்றும் கட்டாயம் வந்துவிடும்.

பழைய ஜீப்பை வாங்குவோர், இழுவையைச் சோதிக்குமுன் பிரேக்கைச் சோதிக்க வேண்டும். இவ்வாய்ப்புகள் அனைத்தையும் வீட்டாரிடம் எடுத்துச் சொல்லும்போது, ஒரே கேள்வியை முதலில் கேளுங்கள்: இந்த வண்டி மாதத்தில் எத்தனை நாள் தார்ச்சாலையை விட்டு இறங்கும்? ஒரு நாளும் இல்லை என்பது விடையானால், நான்கு சக்கர இழுவைக்குத் தர இருந்த பணத்தில் நான்கு நல்ல டயர்களும், மூடுபனி விளக்குகளும் வாங்கியபின்னும் மிச்சம் இருக்கும். கடனும் அந்த அளவுக்குக் குறையும்.